கடைசிக்கு முந்தின இடம்

கட்சால்
14-1-1974

அன்புள்ள அண்ணனுக்கு,

தோத்திரம் என்று தொடங்கினால் அடுத்த வரிக்குப் போகமாட்டீர்கள் என்பதால் வணக்கம். உங்கள் வயிறும் அண்ணியின் முழங்காலும் நான் புறப்பட்ட அன்று இருந்ததைவிட மோசமாகாமல் இருக்கும் என்று நம்புகிறேன்.

வந்து சேர்ந்துவிட்டேன். மெட்ராஸிலிருந்து போர்ட் பிளேருக்கு நாலு நாள் கப்பல். அங்கே இந்த நிக்கோபார் பக்கத்துக் கட்சால் தீவுக்கு வரும் கப்பலுக்காகப் பதினெட்டு நாள் காத்திருப்பு. கப்பல் கரைக்கு வராது, நடுக்கடலில் நிற்கும். நம்மை மூட்டையோடு மூட்டையாகப் படகில் இறக்கிவிடுவார்கள். மூட்டைகளை மட்டும் கவனமாக இறக்கினார்கள்.

வேலை இதுதான். இங்கே ரப்பர் தோட்டத்தில் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களைக் குடியேற்றியிருக்கிறார்கள். பெண்கள் விடியுமுன் பால்வெட்டப் போய்விடுவார்கள். அவர்கள் திரும்பும்வரை பிள்ளைகளை வைத்துக்கொள்ள ஒரு கொட்டகை. பிள்ளை மடுவம் என்கிறார்கள். நான் அதற்கு ஆயா. டிவிஷன் அதிகாரி கிருஷ்ணமூர்த்தி நல்ல மனிதர். எந்தக் காகிதத்தையும் மூன்று முறை படித்துவிட்டுத்தான் புரியவில்லை என்பார். விண்ணப்பத்தில் அங்க அடையாளம் எழுத இரண்டு வரி விட்டிருந்தார்கள். மணிக்கட்டில் ஒரு மச்சம் என்று எழுதினேன். உண்மையான அடையாளத்துக்கு இரண்டு வரி போதாது.

முழுக்கை ரவிக்கையும் வைத்தியர் கொடுத்த தவிட்டு நிறப் பூச்சும் இருப்பதால் யாரும் எதையும் கண்டுகொள்ளவில்லை. பதினாலு பிள்ளைகள் வருகிறார்கள். இன்று பொங்கல் என்பதால் விடுமுறை.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை
மரகதம்


மாயவரம்
2-3-1974

அன்புள்ள மரகதத்துக்கு,

உன் கடிதம் நாற்பத்தேழு நாளில் வந்தது. கடவுளிடம் நீ போடும் மனுக்கள் இதைவிட வேகமாகப் போகின்றனவா என்று தெரிவி. என் வயிறு வழக்கம்போல் எதிர்க்கட்சி. விசாலாட்சியின் முழங்கால் ஆளுங்கட்சி, உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் புருஷன் வீட்டார் முகத்துக்குப் புள்ளி ஏறியதும் உன்னைத் திருப்பி அனுப்பியபோது இந்த வீட்டின் கதவு திறந்திருந்தது. ஏழு வருஷம் இருந்தாய். ஞானஸ்நானம் எடுக்கிறேன் என்றபோதும் நான் தடுக்கவில்லை. பகுத்தறிவுவாதி எல்லா மதத்தையும் சமமாக எதிர்ப்பவன். ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போவதை அவன் வீடு மாற்றுவதாகத்தான் பார்ப்பான். பெயரை மாற்றச் சொன்ன பாதிரியாரிடம் "இருக்கிற பேரோட வந்தா சேர்த்துக்குவீங்களா" என்று கேட்டாயாமே. அது ஒன்றுதான் அன்று எனக்குப் பிடித்தது.

அப்போது மூன்று நாள் அழுத விசாலாட்சி இப்போது தெருவில் உன்னைப் பற்றி "ஃபாரின்ல கவர்மெண்டு வேலை" என்கிறாள். நான் நூலகத்தில் பூகோளப் புத்தகத்தைக் காட்டித் திருத்தினேன். படத்தில் கட்சால் இல்லை என்பதால் அவள் சொன்னதே நிலைத்துவிட்டது.

பூச்சு இரண்டு புட்டி பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ரவிக்கைக் கையை இறக்கியே விட்டிரு.

அண்ணன்
திருநாவுக்கரசு


கட்சால்
19-5-1974

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அண்ணியும் அப்படியே இருக்க வேண்டும். புட்டிகள் வந்தன. ஒரு வாரம் முந்தி வந்திருந்தாலும் பயன் ஒன்றுமில்லை.

போன செவ்வாய் மழை. இங்கே மழை சாரலோடு தொடங்காது. மேலே யாரோ அண்டாவைக் கவிழ்ப்பது போல் தொடங்கும். கொட்டகைக்கும் அடுப்படிக்கும் நடுவில் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முடித்துவிட்டுப் பார்த்தால் பதினாலு பிள்ளைகளின் சட்டையிலும் தவிட்டு நிறம். என் கையில் இல்லை.

சுப்பம்மாள் முதலில் வந்தாள். பால்வெட்டில் கெட்டிக்காரி, வாயிலும் அப்படியே. மகன் சட்டையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

"என்னா ஆயா இது?"

"வெண்புள்ளி, சுப்பம்மா. ஒட்டாது."

"ஒட்டாததை எதுக்கு சாயம் போட்டு மூடுனீங்க?"

மகனைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் ஒரு பிள்ளையும் வரவில்லை. இப்போது ரப்பர் மரத்துக்கு மரம் ஏணை கட்டிப் பிள்ளைகளைப் போட்டுவிட்டுப் பால்வெட்டுகிறார்கள். எறும்பும் பூரானும் உள்ள இடம். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

கிருஷ்ணமூர்த்தி கூப்பிட்டார். "ஆளில்லாத மடுவத்துக்கு ஆயா எதுக்குன்னு மேலே கேப்பாங்கம்மா" என்றார். அக்டோபர் முடிவதற்குள் பதிவேட்டில் பத்துப் பிள்ளைகளாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மடுவத்தை மூடி என்னை மெயின்லேண்டுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள்.

இன்லண்ட் தாளில் இடம் முடிந்தது. அண்ணிக்கு அன்பு.

மரகதம்


மாயவரம்
30-6-1974

அன்புள்ள மரகதத்துக்கு,

எங்கள் நலத்தைப் பிறகு பார்க்கலாம். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நாலு மாதம் உன் இடுப்பில் இருந்த பதினாலு பிள்ளைகளில் ஒன்றுக்குக்கூட ஒட்டவில்லை. இதைவிட நல்ல சோதனையை எந்த ஆராய்ச்சிக்கூடமும் நடத்தியிருக்க முடியாது. இதை அந்தப் பெண்களிடம் யாராவது சொல்ல வேண்டும்.

ஆகவே நானே எழுதி, எங்கள் பகுத்தறிவு மன்றத்தின் சார்பில் துண்டுப் பிரசுரமாக அச்சடித்துவிட்டேன். வெண்புள்ளி தொற்றுநோய் அல்ல என்பதற்கு ஏழு காரணங்கள். இருநூறு பிரதி பார்சலில் வருகிறது. வீடுவீடாகக் கொடு. மன்றக் கூட்டத்திலும் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். மனிதனை மனிதன் தொடத் தயங்குவது பற்றி நான் சொன்ன இடத்தில் நல்ல கைதட்டல். தலைவர் ஜம்புலிங்கம் எழுந்து நின்று தட்டினார்.

பூச்சு இன்னும் இரண்டு புட்டி வைத்திருக்கிறேன். மழைக்குத் தாங்குமாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். விசாலாட்சி விசாரித்தாள்.

திருநாவுக்கரசு


கட்சால்
11-8-1974

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதம் உங்களை நல்ல பசியோடு காணட்டும். எனக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, போய்விட்டது.

பிரசுரம் வந்தது. பிள்ளைகளின் தாய்மாருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த கிருஷ்ணமூர்த்தி மூன்று முறை படித்துவிட்டு, நான் தொட்ட முனையை விட்டு மறு முனையில் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். மிச்சத்தைக் கடைக்காரர் பக்கிரிசாமி வாங்கிக்கொண்டார். ஊரில் இப்போது எல்லோருடைய கடுகும் உங்கள் ஏழு காரணங்களில்தான் பொட்டலமாகிறது.

பூச்சை நிறுத்திவிட்டேன். ரவிக்கைக் கையையும் மடித்துவிட்டேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பிள்ளைகள் ஆயாவின் கையைச் சப்புவார்கள். நாலு மாதம் அந்தப் பூச்சு அவர்கள் வயிற்றுக்குள் போயிருக்கிறது. அதை நினைத்து ஒரு ராத்திரி முழுக்க ஜெபம் பண்ணினேன். இத்தனை வருஷமும் புள்ளியை எடுத்துவிடும் என்றுதான் கேட்டிருக்கிறேன். அன்றுதான் முதன்முதலாக, இந்தக் கையைப் பிள்ளைகளுக்கு முன்னால் நீட்டத் தைரியம் கொடும் என்று கேட்டேன். முதல் மனுவுக்குப் பதில் வரவில்லை. இரண்டாவதற்குக் காலையிலேயே வந்துவிட்டது. உபதேசியார் ஜெயமணி அண்ணன்தான் இங்கே சபையை நடத்துகிறார். அவர் என் விசுவாசத்துக்கு இதைவிட ஆழமான காரணத்தை எதிர்பார்த்தார்.

நடுவில் சுகமளிக்கும் ஊழியர் ஒருவரும் கப்பலில் வந்தார். தலையில் கைவைத்து இரண்டு மணி நேரம் ஜெபித்தார். புள்ளி போகவில்லை, அவர் போனார். போகும்போது எனக்கு விசுவாசம் போதாது என்றார். போதுமான அளவு இருக்கிறது ஐயா, உங்களைச் சகிக்கிற அளவுக்கு என்று சொல்ல நினைத்து, தோத்திரம் என்றேன்.

பாதிரியார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். அன்று திருவிருந்து. எல்லோருக்கும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம். ஜெயமணி அண்ணன் முன்னதாக வந்து, "தங்கச்சி, தப்பா நினைக்காத, நீ கடைசியா வந்துரு, மத்தவங்க கொஞ்சம் கூசுறாங்க" என்றார். கடைசியில் போய் நின்றேன்.

தினமும் விடியுமுன் மடுவத்தைத் திறந்து, பெருக்கி, வெந்நீர் வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். கடந்து போகிறவர்கள் பார்க்கிறார்கள். பார்க்கட்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். புட்டிகள் வேண்டாம் அண்ணா.

மரகதம்


மாயவரம்
8-9-1974

அன்புள்ள மரகதத்துக்கு,

காய்ச்சல் போனது அறிந்து நிம்மதி. எனக்கு இப்போது ஏறியிருக்கிறது.

ஒரே அப்பம், ஒரே பாத்திரம், எல்லோரும் சகோதரர் என்று நீ ஞானஸ்நானத்துக்கு முன் எனக்கு அரை மணி நேரம் விளக்கியது நினைவிருக்கிறதா? அந்தப் பாத்திரத்துக்கும் பந்தி உண்டு என்று அப்போது சொல்லவில்லையே. நம் ஊர்க் கல்யாண வீட்டில் கடைசி இலை யாருக்கு என்று பெயர் சொல்லாமலே தெரியும். உங்கள் சபையில் "தங்கச்சி" என்று கூப்பிட்டுச் சொல்கிறார்கள். முன்னேற்றம்தான்.

மரகதம், நான் கேலிக்கு எழுதவில்லை. உன்னைக் கடைசியில் நிறுத்துகிற இடத்தில் நீ ஏன் நிற்கிறாய்? என்னை அப்படி ஒருவன் நிறுத்தியிருந்தால் பாத்திரத்தைத் தட்டிவிட்டு வந்திருப்பேன். தன்மானம் என்ற ஒன்று உன் மதத்தில் பாவமா? இதை அடுத்த கூட்டத்தில் பெயர் சொல்லாமல் பேசப்போகிறேன்.

அக்டோபர் முடிந்ததும் கப்பலேறு. இந்த வீட்டில் உன்னை யாரும் வரிசையில் நிறுத்தப்போவதில்லை.

விசாலாட்சிக்கு முழங்காலில் எண்ணெய்க் கட்டு. அவளும் வரச் சொல்கிறாள்.

திருநாவுக்கரசு


கட்சால்
13-10-1974

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் காய்ச்சல் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் சுகம்.

போன மாதம் பாதிரியார் மறுபடி வந்தார். நான் கடைசியில் நின்றேன். அப்போது கேப்டன் ஐசக் மூச்சிரைக்க உள்ளே வந்தார். நிக்கோபாரிகள் தங்கள் ஊர்த் தலைவரைக் கேப்டன் என்பார்கள். அவருடைய பன்றி ஒன்று வேலி தாண்டிவிட்டதால் தாமதம். யாரையும் கேட்காமல் எனக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார். ஜெயமணி அண்ணன் கண்ணைக் காட்டினார், கையைக் காட்டினார். கேப்டன் அவருக்கு வணக்கம் சொன்னார். நான் குடித்ததும் அதே பாத்திரத்தில் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு பன்றியைத் தேடப் போனார்.

அன்றிலிருந்து தோட்டம் முழுக்க அவரைத்தான் கவனிக்கிறது. சட்டை போடாத மனிதர் என்பதால் வசதியாக இருக்கிறது. பக்கிரிசாமி சர்க்கரை நிறுக்கும்போது அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "க்யா தேக்தா ஹை?" என்று கேப்டன் இந்தியில் கேட்க, ஒன்றும் பார்க்கவில்லை என்று "குச் நஹி, கேப்டன்" சொல்லிக் கால் கிலோ கூடுதலாகப் போட்டுவிட்டாராம். உங்கள் இருநூறு பிரசுரம் செய்யாததை ஒரு பன்றி செய்யுமோ என்னவோ.

கிருஷ்ணமூர்த்தி டிசம்பர் முடிய நேரம் கொடுத்திருக்கிறார். அதற்கு முன் வருவதெல்லாம் சரக்குக் கப்பல், ஆளை ஏற்றாது.

ஏன் நிற்கிறாய் என்று கேட்டீர்கள். கடைசி என்றாலும், எல்லோரும் குடித்த அதே பாத்திரத்தில்தான் குடிக்கிறேன். ஏழு வருஷத்துக்குப் பிறகு அது முதல் தடவை.

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது?

மரகதம்


கட்சால்
22-12-1974

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு கப்பல் வந்துவிட்டது. உங்களிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? நான் எழுதியதில் ஏதாவது மனதில் பட்டிருந்தால், அதைப் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதத் திருவிருந்துக்குக் கேப்டன் ஐசக் முதல் ஆளாக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஜெயமணி அண்ணன் அவரை முன்னே கூப்பிட்டார். அசையவில்லை. நான் எழுந்து கடைசிக்குப் போனதும் எழுந்து வந்து எனக்குப் பின்னால் நின்றார். "மேரா ஜகா இதர் ஹை" என்றார். அவர் இடம் அதுவாம். ஆக இப்போது எனக்குக் கடைசிக்கு முந்தின இடம். பதவி உயர்வு.

கேப்டன் தோலில் இன்றுவரை ஒரு மாற்றமும் இல்லை. போன மாதம் ஒரு விடியலில் சுப்பம்மாள் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"கேப்டனுக்கு ஒண்ணும் ஆவலீங்களே, ஆயா."

"ஆகாது, சுப்பம்மா."

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காதீங்க. புள்ளியப் பாத்து இல்ல, நீங்க மறைச்சதப் பாத்துதான் பயந்தேன். நீங்களே பயப்புடுறதுன்னா அது என்னாவோன்னு."

"எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப இல்ல."

பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். பால்வெட்ட நேரமாகிவிட்டது.

அவளைப் பார்த்து மற்றவர்களும் வருகிறார்கள். முத்துமணி என்ற நாலு வயதுப் பெண் என் இடது கையைப் பிடித்துக்கொண்டு, இந்தப் புள்ளி என்ன, அந்தப் புள்ளி என்ன என்று கேட்டாள். இது கட்சால், இது கமோர்ட்டா, இது தெரசா என்று சொல்லிவைத்தேன். இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் தீவுகள் பாடம். அவர்கள் தொட்டுத் தொட்டுக் காட்டும்போது நானும் பார்க்கிறேன் அண்ணா. என் கையை நான் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. நன்றாகத்தான் இருக்கிறது. சுப்பம்மாளின் புருஷன் நாகமுத்து, "போற போக்கப் பாத்தா அடுத்த வருசம் ஆயா கையில சிலோனும் வந்துரும், நம்மள மறுபடி அனுப்பிரப் போறாங்க" என்கிறான்.

பதிவேட்டில் ஒன்பது பேர். பத்தாவது ஆளுக்கு ஒன்பது நாள் இருக்கிறது. மீதிப் பேர் உறுதியாக மறுத்துவிட்டார்கள். கப்பல் முப்பத்தொன்றாம் தேதி. பெட்டியைக் கட்டவும் இல்லை, கட்டாமலும் இல்லை.

கிறிஸ்துமஸ் வாழ்த்து உங்களுக்கு வேண்டாம். அண்ணிக்குச் சொல்லுங்கள்.

மரகதம்


மாயவரம்
19-1-1975

அன்புள்ள மரகதத்துக்கு,

நான் நலம், விசாலாட்சி நலம். எழுதாமல் இருந்ததற்கு உடம்பு காரணமில்லை. நீ இப்போது கட்சாலில் இருக்கிறாயா, கப்பலில் இருக்கிறாயா என்று தெரியாமலே எழுதுகிறேன்.

உன் அக்டோபர் கடிதத்தின் கடைசி வரிகளை நூலகத்தில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு அன்றைய கூட்டத்துக்குப் போகவில்லை. அதன் பிறகும் போகவில்லை. ஜம்புலிங்கம் ஆள் அனுப்பினார். தொண்டைக்கட்டு என்று சொல்லியிருக்கிறேன்.

நம் வீட்டில் உனக்கென்று ஒரு தம்ளர் இருந்தது. நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஏழு வருஷம் அதிலேயே குடித்தாய். அடியில் ஒரு கோடு இருக்கும். அது விசாலாட்சியின் வேலை என்று நீ நினைத்திருப்பாய். அப்படி நினைக்கட்டும் என்று நானும் விட்டிருந்தேன். அவள் ஒருமுறை மறந்து அதில் எனக்குக் காப்பி கொடுத்துவிட்டாள். அன்று ஆணியை எடுத்துக் கோடு கிழித்தவன் நான்.

தொற்றாது என்று அப்போதே எனக்குத் தெரியும். ஏழு காரணமும் தெரியும்.

மன்னிப்புக் கேட்கும் இலாகா எங்கள் கொள்கையில் இல்லை. யாரிடம் எப்படிக் கேட்பது என்று பழக்கமில்லாததால் நடந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன். கடைசியில் நிற்கச் சொன்னபோது நீ நின்றதை நான் தாழ்ச்சி என்று நினைத்தேன். ஓடிப்போகாமல் ஒரு இடத்தில் நிற்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று இந்த இரண்டு மாதத்தில் கொஞ்சம் கணக்குப் பார்த்தேன். உன் ஆண்டவரை இன்னும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் உனக்குக் கொடுத்ததாக நீ சொல்வது என்னிடம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பத்தாவது பிள்ளை வந்ததா? ஒரு வரியாவது எழுது.

அண்ணன்
திருநாவுக்கரசு


கட்சால்
9-3-1975

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் கட்சாலில்தான் இருக்கிறேன். உங்கள் வயிற்றுக்கும் அண்ணிக்கும் தினமும் ஜெபிக்கிறேன். உங்களுக்குத் தெரியாமல் செய்வது சரியில்லை என்று தெரிவித்துவிட்டேன்.

கோடு யார் போட்டது என்று எனக்குத் தெரியும். அது நேராக இருந்தது. அண்ணிக்கு நேராகக் கோடு போட வராது. நான் அதை எப்போதோ விட்டுவிட்டேன். நீங்களும் விட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போங்கள். போய்ப் பேசுங்கள். பேச இப்போதுதான் உங்களுக்கு விஷயம் கிடைத்திருக்கிறது.

முப்பத்தொன்றாம் தேதி காலைவரை ஒன்பது பேர்தான். கப்பல் வந்து நின்றது. நான் பெட்டியை எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட ஆபீசுக்குப் போனேன். கிருஷ்ணமூர்த்தி பதிவேட்டை மூன்று முறை புரட்டினார். அப்புறம் எழுந்து குவார்ட்டர்சுக்குப் போனார். அவர் சம்சாரம் அலமு பின்னாலேயே ஓடிவர, தன் பத்து மாதப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார்.

"மடுவத்தை மூடணும்னா எட்டுப் பக்கம் ரிப்போர்ட் எழுதணும்மா. இது சுலபம்" என்றார்.

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பையன் பார்த்தான். கன்னத்தில் கைவைத்துப் பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டான். கப்பல் போய்விட்டது.

அதிகாரி வீட்டுப் பிள்ளையே போகிறது என்றதும் மறுத்தவர்களும் வந்துவிட்டார்கள். இப்போது பதினேழு பேர். வேலை நிரந்தரம் என்று போன வாரம் உத்தரவு வந்தது. அதே நாளில் என்மேல் ஒரு புகார் மனுவும் வந்தது. சுப்பம்மாள் தலைமையில் ஆறு தாய்மார் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். ஆயா பிள்ளைகளுக்கு அளவுக்கு மீறி இடம் கொடுக்கிறார். கையால் உருட்டி ஊட்டிப் பழக்கிவிட்டதால் வீட்டில் யார் கொடுத்தாலும் உண்ண மறுக்கிறார்கள். சாயங்காலம் கூப்பிட்டால் வர மறுத்து ஆயாவின் காலைக் கட்டிக்கொள்கிறார்கள். இதைக் கண்டிக்க வேண்டும்.

மனுவை நாலைந்து முறை படித்தேன். என் நிறத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

மூன்று நாளில் எழுத்தில் விளக்கம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நாளை கடைசி நாள். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சுப்பம்மாளிடமே கேட்டேன். "தப்புன்னு எழுதிருங்க ஆயா, திருந்த வேணாம்" என்றாள்.

பதினேழு பிள்ளைகளும் தூங்கி எழுந்துவிட்டார்கள். அண்ணிக்கும் உங்களுக்கும் என் அன்பு.

தங்கை
மரகதம்